மினிஸ்ட்ரியின் 'ட்விட்ச்': கிடார் வருவதற்கு முன்னால்

சிகாகோவின் மினிஸ்ட்ரி இசைக்குழுவைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே கதைதான் வரும். 1983ல் ஒரு பெரிய கம்பெனியின் பேச்சைக் கேட்டு இனிப்பான சிந்த்-பாப் ஆல்பம் போட்டார்கள். குழுவின் தலைவர் அல் ஜோர்கென்சனுக்கு அது பிடிக்கவில்லை, கம்பெனியை விட்டு வெளியே வந்தார். 1988ல் கிடாரும் இயந்திரத் தாளமும் சேர்ந்த கொடூரமான சத்தத்தோடு தன் நிஜ முகத்தைக் காட்டினார். இண்டஸ்ட்ரியல் மெட்டல் பிறந்தது. சுபம்.

இந்தக் கதையில் 1986ல் வந்த 'ட்விட்ச்' ஆல்பத்துக்குக் கிடைப்பது ஒரே ஒரு வரி. "இடைமாற்றக் கால ஆல்பம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவார்கள். பாப்பும் இல்லை, மெட்டலும் இல்லை, அப்புறம் என்ன பேசுவது என்கிற மாதிரி.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 'ட்விட்ச்' எப்படிச் செய்யப்பட்டது, யார் கையால் செய்யப்பட்டது என்று பார்த்தால், மேலே சொன்ன கதையே பல இடங்களில் ஓட்டை. இண்டஸ்ட்ரியல் மெட்டல் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கும் வேறொரு பதில் கிடைக்கிறது.

இந்த வகை இசையைக் கேட்டிராதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1976ல் இங்கிலாந்தின் த்ராபிங் கிரிசில் என்ற குழு தங்கள் லேபிளுக்கு 'இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். தொழிற்சாலை இரைச்சல், ஒலிநாடாத் துண்டுகள், அருவருப்பு, கிண்டல் எல்லாம் கலந்த சோதனை இசை அது. பிற்பாடு அதில் இயந்திரத் தாளமும் ஹெவி மெட்டல் கிடாரும் ஏறியபோது இண்டஸ்ட்ரியல் மெட்டல் ஆயிற்று. நைன் இஞ்ச் நெயில்ஸ், ஃபியர் ஃபேக்டரி, ராம்ஸ்டீன் எல்லாம் இந்தக் குடும்பம்தான். மினிஸ்ட்ரி அந்தக் குடும்பத்தின் மூத்தவர்களில் ஒன்று.

ஜோர்கென்சன் 1958ல் கியூபாவின் ஹவானாவில் பிறந்தவர். வளர்ந்தது அமெரிக்காவில். 1981ல் மினிஸ்ட்ரியைத் தொடங்கினார். முதல் வெளியீடு 'ஐம் ஃபாலிங்', 'கோல்ட் லைஃப்' என்ற இரண்டு பாட்டுகள். வெளியிட்டது வாக்ஸ் ட்ராக்ஸ் என்ற லேபிள். லேபிள் என்று சொல்கிறேனே தவிர, அது அடிப்படையில் ஒரு இசைத்தட்டுக் கடை. ஜிம் நாஷ், டானி ஃப்ளெஷர் என்ற இரண்டு பேர் (வாழ்க்கையிலும் ஜோடி) டென்வரில் நடத்திக்கொண்டிருந்த கடையை 1978ல் சிகாகோவுக்குக் கொண்டுவந்தார்கள். லிங்கன் அவென்யூவில் இருந்த அந்தக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு குழுவில் இருந்தார்கள். கடைக்காரர்களே தட்டு போட ஆரம்பித்ததில் ஆச்சரியம் இல்லை.

'கோல்ட் லைஃப்' கேட்டால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். அது ஃபங்க். பேஸ் கிடார் துள்ளுகிறது, ஆடத் தூண்டுகிற பாட்டு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தப் பாட்டு நடன கிளப்புகளில் ஓடியதால் பெரிய கம்பெனியான ஆரிஸ்டா இவர்களை எடுத்தது. 1983ல் 'வித் சிம்பதி' வந்தது. சைக்கடெலிக் ஃபர்ஸ் குழுவின் டிரம்மராக இருந்த வின்ஸ் ஈலியும் இயன் டெய்லரும் தயாரித்தார்கள். அதில் ஜோர்கென்சன் பிரிட்டிஷ் உச்சரிப்பில் பாடுவார். சிகாகோக்காரர் லண்டன்காரர் மாதிரி! இந்த ஆல்பத்தை அவர் பல வருடங்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார். ஆரிஸ்டாதான் தன்னை இப்படிப் பாட வைத்தது, பாட்டு, உடை, தலைமுடி எதுவும் தன் கையில் இல்லை என்று பேட்டிக்குப் பேட்டி சொன்னார். 2013ல் வந்த சுயசரிதையிலும் அதே பல்லவி.

கதையின் முதல் ஓட்டை இங்கேதான். ஆரிஸ்டாவை உதறிவிட்டு வெளியே வந்த ஜோர்கென்சன் எங்கே போனார்? திரும்பவும் வாக்ஸ் ட்ராக்ஸுக்கு. நண்பர்களின் கடை, கேட்க ஆளில்லை, என்ன வேண்டுமானாலும் செய்யலாம். அங்கே அவர் என்ன செய்தார்? 'ஆல் டே' என்ற தட்டு. அதன் மறுபக்கத்தில் 'எவ்ரி டே இஸ் ஹாலோவீன்'. கோத் ரசிகர்களுக்கு இந்த இரண்டாவது பாட்டு இன்றைக்கும் தேசிய கீதம். ஆனா கேட்டுப் பாருங்கள், அது சுத்தமான சிந்த்-பாப். மெலடி, முணுமுணுக்க வைக்கும் பல்லவி, எல்லாமே உண்டு. 'வித் சிம்பதி'யைவிட இருட்டாக இருக்கிறது, அவ்வளவுதான். யாரும் கழுத்தில் கத்தி வைக்காதபோதும் அவர் பாப்தான் செய்தார், நன்றாகவே செய்தார்.

சரி, சத்தமும் இரைச்சலுமான 'ட்விட்ச்' யாருக்காகச் செய்யப்பட்டது? சைர் ரெக்கார்ட்ஸுக்காக. சீமோர் ஸ்டீன் நடத்திய லேபிள், பின்னால் இருந்தது வார்னர் என்ற யானை. ரமோன்ஸ், டாக்கிங் ஹெட்ஸ், மடோனா எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். ஆக, கம்பெனி என்றால் பாப், சுதந்திரம் என்றால் இரைச்சல் என்ற கணக்கு இங்கே தலைகீழாக நிற்கிறது. சின்னக் கடையில் பாப் வந்தது, பெரிய கம்பெனியின் காசில் இரைச்சல் வந்தது.

அப்படியானால் இடையில் மாறியது எது? என் பதில் ஒரு பெயர்: ஏட்ரியன் ஷெர்வுட்.

ஷெர்வுட் இங்கிலாந்துக்காரர். ஜோர்கென்சன் பிறந்த அதே 1958ல் பிறந்தவர். பதின்ம வயதிலேயே ஜமைக்கா இசைத்தட்டுகளை விநியோகம் செய்கிற தொழிலில் இறங்கியவர். 1980களின் தொடக்கத்தில் ஆன்-யூ சவுண்ட் என்ற லேபிளைத் தொடங்கினார். அவர் உலகம் ரெக்கே, குறிப்பாக டப்.

டப் என்றால் என்ன என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் 'ட்விட்ச்' புரிய அதுதான் சாவி. ஜமைக்காவில் சிங்கிள் தட்டின் ஒரு பக்கம் பாட்டு இருக்கும். மறுபக்கம் அதே பாட்டின் 'வெர்ஷன்', அதாவது பாடகரின் குரலை எடுத்துவிட்ட பிரதி. தெருவில் பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கி ஆட்டம் நடத்துகிற சவுண்ட் சிஸ்டம்காரர்கள் அதன்மேல் மைக்கில் பேசிப் பாடுவார்கள். கிங் டப்பி என்ற எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்கும் லீ பெர்ரி போன்றவர்களும் இந்த மறுபக்கத்தை ஒரு தனிக் கலையாகவே மாற்றினார்கள். பதிவான பாட்டை மிக்ஸிங் பலகையில் ஓடவிடுவார்கள். திடீரென்று பேஸைத் தவிர எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள். டிரம்மின் ஒரே ஒரு அடியை மட்டும் எக்கோவுக்குள் தள்ளுவார்கள், அது கிணற்றில் விழுந்த கல் மாதிரி எதிரொலித்துக்கொண்டே போகும். குரலின் அரை வார்த்தை வரும், காணாமல் போகும். வாத்தியம் வாசித்தவர்கள் எப்போதோ வீட்டுக்குப் போயிருப்பார்கள். இப்போது வாசிப்பது மிக்ஸிங் பலகையில் உட்கார்ந்திருக்கும் ஆள்.

இந்த வித்தையை ஷெர்வுட் ரெக்கேவுக்கு வெளியே கொண்டுபோனார். 1984ல் டெபெஷ் மோடின் 'பீப்பிள் ஆர் பீப்பிள்' பாட்டைப் பிரித்து மேய்ந்தார். ஜெர்மனியில் இரும்புத் தகடுகளைத் தட்டி இசை செய்துகொண்டிருந்த ஐன்ஸ்டுர்ட்செண்டே நொய்பாட்டன் குழுவுக்கும் மிக்ஸ் செய்தார். மார்க் ஸ்டூவர்ட்டோடு 1985ல் செய்த ஆல்பத்தில் காது கிழிகிற அளவுக்குப் போனார். அந்த ஆல்பத்தில் அவரோடு இருந்தவர்கள் யாரென்று பார்க்க வேண்டும்: கீத் லெப்ளாங்க், டக் விம்பிஷ், ஸ்கிப் மெக்டானல்ட். மூன்று பேரும் அமெரிக்காவின் ஷுகர் ஹில் ரெக்கார்ட்ஸில் ஆரம்பகால ராப் பாட்டுகளுக்கு வாசித்தவர்கள். ஜமைக்காவின் டப், நியூயார்க் பக்கத்து ஹிப்-ஹாப் தாளம், லண்டன் பங்க் கோபம் மூன்றும் ஒரே அறையில் சேர்ந்திருந்தன.

அந்த அறைக்குள்தான் 1985ல் ஜோர்கென்சன் வந்து சேர்ந்தார். 'ட்விட்ச்' பெரும்பாலும் லண்டனின் சதர்ன் ஸ்டுடியோவிலும் மேற்கு பெர்லினின் ஹன்சாவிலும் பதிவானது. சதர்ன் என்பது வட லண்டனில் வுட் கிரீன் பகுதியில் ஜான் லோடர் என்பவர் தன் வீட்டு கராஜில் கட்டிய ஸ்டுடியோ. அராஜகவாத பங்க் குழுவான கிராஸ் தங்கள் தட்டுகளைப் பதிவு செய்த இடம். அதே 1985ல் ஜீசஸ் அண்ட் மேரி செயின் தங்கள் 'சைக்கோகேண்டி'யைப் பதிவு செய்ததும் அங்கேதான். ஒரு கராஜுக்குள் ஒரே வருடத்தில் இவ்வளவு இரைச்சலா என்று அக்கம்பக்கத்தாரை நினைத்துப் பாவமாக இருக்கிறது. ஹன்சா பெர்லின் சுவருக்குப் பக்கத்தில் இருந்த பெரிய ஸ்டுடியோ, டேவிட் போவி 'ஹீரோஸ்' பதிவு செய்த இடம். அதற்கு ஆயிரம் பேர் ஆயிரம் பக்கம் எழுதியாயிற்று, விட்டுவிடுவோம்.

ஷெர்வுட்டிடம் கற்றுக்கொண்டதைப் பற்றி ஜோர்கென்சன் பிற்பாடு நன்றியோடுதான் பேசியிருக்கிறார், குறிப்பாக ஒலிநாடாவை வெட்டி ஒட்டும் வேலை. இன்றைக்கு லேப்டாப்பில் மவுஸை இழுத்தால் முடிகிற காரியம். அப்போது கையில் ப்ளேடு. ஸ்டுடியோவில் ஒலிநாடா வழக்கமாக ஓடும் வேகங்களில் ஒன்று நொடிக்கு 30 அங்குலம். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் போகிற பாட்டு என்றால் ஒரு அடிக்கு அரை நொடி, அதாவது 15 அங்குல நாடா. கிட்டத்தட்ட ஒரு முழங்கை. அதில் நாலில் ஒரு பங்கு வேண்டுமென்றால் மூன்றே முக்கால் அங்குலம். அளந்து, சாய்வாக வெட்டி, ஒட்டு டேப் போட்டுச் சேர்க்க வேண்டும். இப்படி நூற்றுக்கணக்கான துண்டு. தாளத்தைக் காதால் கேட்பது போய், கையால் தொட்டு அளக்கிற பொருளாக ஆகிவிடுகிறது. ஒரு துண்டைத் தலைகீழாக ஒட்டலாம். ஒரே துண்டைப் பத்துப் பிரதி எடுத்து வரிசையாக ஒட்டினால் மிஷின் கன் கிடைக்கும். இந்த ஆல்பத்தைக் கேட்கும்போது வருகிற அந்த வெட்டி வெட்டி இழுக்கும் உணர்வை ஒரு டிரம்மர் மட்டும் உண்டாக்கியிருக்க முடியாது. 'ட்விட்ச்' என்றால் வலிப்பு மாதிரி வெட்டி இழுப்பது. பெயர் பொருத்தம்தான்.

டப் இங்கே வெறும் பாதிப்பு அல்ல, கட்டுமானமே அதுதான் என்பதற்கு நான் காட்டும் ஆதாரம் ஆல்பத்தின் பின் அட்டையிலேயே இருக்கிறது. கடைசிப் பாட்டு ஒரு மூன்று பகுதித் தொடர், சுமார் 12 நிமிடம்: 'வேர் யூ அட் நவ்', 'க்ராஷ் அண்ட் பர்ன்', 'ட்விட்ச் (வெர்ஷன் 2)'. சி.டி.யில் கூடுதலாகச் சேர்த்த பாட்டின் பெயர் 'ஐல் ஆஃப் மேன் (வெர்ஷன் 2)'. வெர்ஷன்! ஜமைக்கா தட்டின் மறுபக்கத்தில் அச்சிட்ட அதே சொல். மெட்டல் ரசிகர்கள் நாற்பது வருடமாக இந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சொல்லைத் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

அந்த 12 நிமிடங்கள்தான் ஆல்பத்தின் உச்சம் என்பது என் அபிப்பிராயம். பாட்டு என்ற வடிவமே அங்கே கழன்று விழுகிறது. குரல் ஒரு வாத்தியமாகக் கத்துகிறது, தாளம் தானே தன்னைத் தின்கிறது. மற்றபடி ஆல்பம் ஏற்ற இறக்கமானது. 'ஓவர் தி ஷோல்டர்' பாட்டில் ஜோர்கென்சன் ஹீலியம் குடித்த மாதிரி உச்சஸ்தாயியில் பாடுவார். இரண்டு வருடம் கழித்துத் தொண்டை கிழியக் கத்தப்போகிற ஆள் இவர்தானா என்று சந்தேகமே வரும். கீழே தாளம் கனமாக இடிக்க, மேலே குரல் சின்னப் பிள்ளை மாதிரி. எனக்கு அந்த முரண் பிடிக்கும். 'தி ஏஞ்சல்' மட்டும் பழைய மினிஸ்ட்ரியின் மிச்சம் போல, நடுவில் அசையாமல் கிடக்கிறது.

கிடார்? ஏறக்குறைய காதிலேயே விழாது. இருந்தும் ஆல்பம் கனமாக இருக்கிறது. கனத்தைக் கொடுப்பது டிரம் அடிகளுக்கு நடுவே விட்ட வெற்றிடமும், அந்த வெற்றிடத்துக்குள் பாய்கிற எக்கோவும். இதே 1986ல் இதே சிகாகோவில் ஸ்டீவ் அல்பினியின் பிக் பிளாக் குழு 'அட்டோமைசர்' ஆல்பம் போட்டது. அவர்களிடமும் டிரம்மர் கிடையாது, ரோலண்ட் கம்பெனியின் டிரம் மிஷின்தான், அதையும் குழு உறுப்பினர் மாதிரி 'ரோலண்ட்' என்றே பெயர் போடுவார்கள். ஆனால் அவர்கள் மிஷினுக்கு மேலே ரம்பம் மாதிரி கிடாரை அறுத்து, இடைவெளியே இல்லாமல் அடைத்தார்கள். ஒரே ஊர், ஒரே வருடம், இரண்டு வெவ்வேறு வழிகள். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஊர் இரண்டு வருடம் காத்திருந்தது.

'ட்விட்ச்' விற்கவில்லை. பில்போர்டின் 200 ஆல்பங்கள் பட்டியலில் கடைசிப் படிகளைத் தொட்டுவிட்டு இறங்கிவிட்டது. இருந்தாலும் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டியிருந்தது. ஒலிநாடாவில் வெட்டி ஒட்டியதை மேடையில் எப்படி வாசிப்பது? ஜோர்கென்சன் ஆட்களைத் தேடினார். ஏற்கெனவே அவர் தயாரித்த பிளாக்கவுட்ஸ் குழுவிலிருந்து பேஸ் கிடார் வாசிக்கும் பால் பார்க்கரும் டிரம்மர் பில் ரிஃப்லினும் வந்தார்கள். நிஜ டிரம், நிஜ பேஸ். மினிஸ்ட்ரி மறுபடி ஒரு 'குழு' ஆனது இந்தச் சுற்றுப்பயணத்தால்தான். பார்க்கர் அடுத்த பதினேழு வருடம் கூடவே இருந்தார்.

1988ல் 'தி லேண்ட் ஆஃப் ரேப் அண்ட் ஹனி' வந்தது. (பெயரைப் பார்த்துப் பதற வேண்டாம். கனடாவின் டிஸ்டேல் என்ற ஊர் தன் விளைச்சலைப் பெருமையாகச் சொல்ல வைத்துக்கொண்ட முழக்கம் அது. அங்கே 'ரேப்' என்பது கடுகு இனத்து எண்ணெய்ப் பயிர். ஊர்க்காரர்கள் 2016ல்தான் அதை மாற்றினார்கள்.) அதன் முதல் பாட்டு 'ஸ்டிக்மட்டா'வில் கிடார் வருகிறது, ஊரே அதிர்ந்தது. ஆனால் எப்படி வருகிறது என்று கவனியுங்கள். ஒரே கிடார் துண்டு, அச்சு அடித்த மாதிரி திரும்பத் திரும்ப வெட்டி ஒட்டப்பட்டு வருகிறது. ஒரு மெட்டல் கிடாரிஸ்ட் இப்படி வாசிக்க மாட்டார், கை கொஞ்சம் நழுவும், ஒரு அலங்காரம் போடுவார். இங்கே கிடாரை ப்ளேடு பிடித்த கை நடத்துகிறது. ஷெர்வுட்டிடம் டிரம்முக்குக் கற்றதைக் கிடாருக்குச் செய்கிறார், அவ்ளோதான். இந்த முறை தயாரிப்பாளராக ஷெர்வுட் இல்லை. ஜோர்கென்சன் 'ஹைப்போ லக்ஸா', பார்க்கர் 'ஹெர்மீஸ் பான்' என்ற புனைபெயர்களில் தாங்களே தயாரித்தார்கள். தயாரிப்பாளர்களுக்கும் முகமூடிப் பெயர் வைக்கும் பழக்கம் டப் உலகத்தில் சர்வசாதாரணம் என்பதையும் இங்கே போட்டுவைக்கிறேன்.

இதெல்லாம் மினிஸ்ட்ரியோடு நிற்கவும் இல்லை. ஹாம்பர்க்கின் கே.எம்.எஃப்.டி.எம். குழு 1988ல் போட்ட 'டோண்ட் ப்ளோ யுவர் டாப்' ஆல்பத்தைத் தயாரித்ததும் ஷெர்வுட்தான். அடுத்த வருடம் கிளீவ்லாந்திலிருந்து ட்ரென்ட் ரெஸ்னர் என்ற இளைஞர் நைன் இஞ்ச் நெயில்ஸின் முதல் ஆல்பத்தோடு வருகிறார். அதன் முதல் சிங்கிள் 'டவுன் இன் இட்'. தயாரிப்பில் ஷெர்வுட், கீத் லெப்ளாங்க். லெப்ளாங்க் என்றால் ஷுகர் ஹில்லின் அதே டிரம்மர். ஒரே ஆளின் கை மூன்று குழுக்களின் தொடக்கத்தில் இருக்கிறது என்றால் அதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

மெட்டல் வரலாற்றில் எப்போதும் ஒரு வம்சாவளி சொல்வார்கள். பிளாக் சபாத்திலிருந்து ஆரம்பித்து, பர்மிங்ஹாம் இரும்பு ஆலைகள், வெள்ளைத் தொழிலாளர் பையன்கள், கிடார், இன்னும் பெரிய கிடார். இண்டஸ்ட்ரியல் மெட்டலை இந்த வரிசையில் ஒரு கிளையாகச் செருகிவிடுவார்கள். அப்படிச் செருகும்போது விழுந்துபோவது கிங்ஸ்டனின் மெக்கானிக்குகளும், ஷுகர் ஹில்லின் கறுப்பின வாத்தியக்காரர்களும், 'கோல்ட் லைஃப்' பாட்டின் ஃபங்க் பேஸும். 'ட்விட்ச்' ஆல்பத்தை ஒரு வரியில் கடந்துவிட்டால் இவர்கள் எல்லாரும் கதையிலிருந்து காணாமல் போகிறார்கள். 1983லிருந்து நேராக 1988க்குத் தாவினால், கோபம் வந்த ஒரு மனிதர் கிடாரைக் கையில் எடுத்தார் என்ற சினிமாக் கதைதான் மிஞ்சும்.

அந்தச் சினிமாவுக்குக் கதை வசனம் எழுதியதில் ஜோர்கென்சனுக்கே பெரிய பங்கு உண்டு. தன் பழைய பாட்டுகளைத் திட்டித் திட்டியே அவர் ஒரு எல்லைக்கோடு கிழித்தார், கோட்டுக்கு இந்தப் பக்கம் நிஜம், அந்தப் பக்கம் பொய் என்று. மெட்டல் ரசிகர்கள் முன்னால் நிற்கிற ஒருவருக்கு அந்தக் கோடு தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் அவரே அதை அழித்தும்விட்டார். 2024 மே மாதம் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் நடந்த க்ரூயல் வேர்ல்ட் விழாவில் அந்தப் பழைய பாட்டுகளை மேடையேற்றினார். 2025ல் 'தி ஸ்கிர்ரலி இயர்ஸ் ரீவிசிட்டட்' என்ற பெயரில் அவற்றை மறுபடி பதிவு செய்தே வெளியிட்டார். 'ஒர்க் ஃபார் லவ்' கூட உள்ளே இருக்கிறது. நாற்பது வருடம் திட்டிய பாட்டு!

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் 'ஆல் டே' பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். மூன்று வடிவம் இருக்கிறது: வாக்ஸ் ட்ராக்ஸ் தட்டில் வந்தது, 'ட்விட்ச்' ஆல்பத்தில் ரீமிக்ஸாக வந்தது, 2025ல் கிடாரோடு வந்தது. இதே வரிசையில், நல்ல ஹெட்போனில், பேஸ் கொஞ்சம் தூக்கலாக வைத்துக்கொண்டு கேளுங்கள். மூன்றில் எனக்குப் பிடித்தது நடுவில் உள்ளது. 2025 வடிவத்தில் கிடார் வந்து எல்லா இடைவெளியையும் பூசி அடைத்துவிட்டது. எக்கோ போய் விழுவதற்கு இடமே இல்லை.